விபத்து இழப்பீட்டுக்கான சான்றுகள்: குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

நிலா:
அனைவருக்கும் வணக்கம். முந்தாநாள் சிக்னலில் நின்றுகொண்டிருந்த எங்கள் காரின் மீது பின்னாலிருந்து மற்றொரு கார் மோதியதை இனியன் உங்களிடம் சொல்லியிருப்பார். அன்று என் கணவருக்கு வலி பெரிதாக இல்லை. நேற்றுக் காலையிலிருந்து கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வலக்கை விரல்களும் மரத்துப்போகின்றன. இழப்பீடு கேட்பதற்கு எவற்றையெல்லாம் சேர்த்து வைக்க வேண்டும்? மல்லிகா அத்தை காப்பீட்டு நிறுவனத்தில் இத்தகைய கோப்புகளைப் பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

மல்லிகா அத்தை:
நிலா, இன்றே அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல். விரல் மரத்துப்போவதைத் தள்ளிப்போடவே கூடாது. இழப்பீடெல்லாம் அதற்குப் பிறகுதான். பின்னாலிருந்து மோதும்போது கழுத்துத் தசைகளில் ஏற்படும் காயம் சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து வலிக்கத் தொடங்குவது வழக்கமே. ஆனால் நீங்கள் மருத்துவரைப் பார்க்கத் தாமதித்தால், இடையில் வேறு எதனாலோ வந்த வலி என்று எதிர்த்தரப்பு வாதிடும். எப்படி மோதியது, வலி எப்போது தொடங்கியது, எந்த விரல்கள் மரத்துப்போகின்றன என்பவற்றை அவனே சொல்லட்டும். மருத்துவர் அதைக் குறிப்பில் எழுதியிருக்கிறாரா என்று நீ படித்துப் பார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கலங்காதே. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். தசையிலும் நரம்பிலும் உள்ள பாதிப்பை மருத்துவரின் பரிசோதனைக் குறிப்பும், அவர் தேவை என்று கருதினால் எம்ஆர்ஐயும்தான் சொல்ல முடியும்.

பெரியப்பா:
மோதியவர் அங்கேயே மன்னிப்புக் கேட்டு, எல்லாச் செலவையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாரே. நல்ல மனிதராகத் தெரிந்தார். இவ்வளவு காகிதம் வேண்டுமா, மல்லிகா?

மல்லிகா அத்தை:
அவர் நல்லவராகவே இருக்கட்டும், அண்ணா. பணம் தரப்போவது பெரும்பாலும் அவருடைய காப்பீட்டு நிறுவனம். அங்கே கோப்பைப் பார்ப்பவருக்கு அந்த மன்னிப்பு தெரியாது. அவர் ஏதேனும் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால், எண்ணும் தேதியும் தெரியும்படி அதைப் படமெடுத்து வையுங்கள், மூலச் செய்தியையும் அழிக்காதீர்கள். காவல்துறையில் பதிவு செய்து அதன் நகலையும் வாங்கிவிடுங்கள்.

இனியன்:
நான் எடுத்த புகைப்படங்களை இந்தக் குழுவில் போட்டுவிடட்டுமா, அத்தை? ஃபேஸ்புக்கிலும் எழுதினால், பார்த்த யாராவது சாட்சி சொல்ல முன்வரலாம்.

மல்லிகா அத்தை:
ஃபேஸ்புக் வேண்டாம், இனியன். நீ ஆத்திரத்தில் எழுதும் ஒரு வரியையும், உறவினர் வீட்டு விழாவில் அண்ணன் சிரித்தபடி நிற்கும் ஒரு படத்தையும் பின்னாளில் அவனுக்கு எதிராகவே எடுத்துக் காட்டுவார்கள். புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதன் தரம் குறையும். எடுத்த நேரம், இடம் பற்றிய உள்விவரங்களும் நீங்கிவிடும். ஆகவே ஆவணமாக அனுப்பு, மூலக் கோப்பைத் தொலைபேசியிலேயே வைத்திரு, வேறோர் இடத்திலும் ஒரு நகல் எடுத்து வை.

அதைவிட அவசரமானவை உள்ளன. காரில் சாலையைப் படமெடுக்கும் கேமராவான டேஷ்கேம், இடம் நிறைந்ததும் பழைய காட்சியின் மேலேயே புதியதைப் பதிந்துவிடும். அதன் நினைவக அட்டையை இப்போதே கழற்றி வை. சந்திப்பில் உள்ள கடைகளின் சிசிடிவி காட்சிகளும் சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடும் என்பதால், இன்றே போய்க் கேள். தர மறுத்தாலும், அழிக்காமல் வைத்திருக்கும்படி எழுத்தில் கேட்டுக்கொள். பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால் பெயரும் எண்ணும் வாங்கி, அவர்கள் கண்டதை அவர்கள் சொற்களிலேயே எழுதித் தரச் சொல், ஏனென்றால் மனித நினைவு சீக்கிரம் மங்கிவிடும். காரை ஆய்வு முடியும்வரை பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள். பல புதிய கார்களில் காற்றுப்பையைக் கட்டுப்படுத்தும் கருவி, மோதலுக்கு முந்தைய ஏறத்தாழ 5 வினாடிகளின் வேகத்தையும் பிரேக் மிதிக்கப்பட்டதா என்பதையும் பதிந்து வைக்கும். மோதிய காரிலும் அது இருக்கலாம். அதைக் காக்கும்படி வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்பலாம்.

நிலா:
இன்னொன்று, அத்தை. சில ஆண்டுகளுக்கு முன்பும் அவர் கழுத்து வலிக்குச் சிகிச்சை எடுத்தார். அதைச் சொன்னால் இழப்பீட்டுக் கேட்பு தள்ளுபடியாகிவிடுமோ என்று அஞ்சுகிறோம். சொல்லாமல் விட்டுவிடலாமா?

மல்லிகா அத்தை:
கட்டாயம் சொல்லுங்கள். பழைய சிகிச்சை எப்படியும் மருத்துவப் பதிவுகளில் வெளிவரும். மறைத்தது தெரிந்துவிட்டால், அவன் சொல்லும் உண்மையான வலியையும் எவரும் நம்பமாட்டார்கள். என் மேசைக்கு வந்த கோப்புகளில் நியாயமான கேட்புகள் பலவீனமானதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன். பழைய பதிவு உங்களுக்குத் துணையாகவும் நிற்கும்: அப்போது விரல் மரத்துப்போகவில்லை, சிகிச்சைக்குப் பின் முழுநேரம் வேலை செய்தான், கார் ஓட்டினான் என்று அதிலிருந்தே காட்டினால், இந்த மோதல் எதைக் கூட்டியது என்பது தெளிவாகிவிடும். இன்றிலிருந்து ஒரு குறிப்பேட்டில் தினமும் எழுதட்டும். "வலி தாங்கவில்லை" என்று எழுதுவதால் பயனில்லை; சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, குழந்தையைத் தூக்க முடியவில்லை என்று நடந்ததை எழுத வேண்டும். வலி குறைந்த நாளையும் மறைக்காமல் எழுதட்டும். அந்த நேர்மைதான் மற்ற நாட்களை நம்ப வைக்கும்.

பில்கள், விடுப்புக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான பில்லின் எழுத்து மங்கிப்போகும். உடனே நகல் எடுங்கள்.

நிலா:
சற்றுமுன் எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து அழைத்து, பேச்சைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டார்கள். ஒரு தொகையை உடனே தருவதாகவும் சொன்னார்கள்.

மல்லிகா அத்தை:
வழக்கறிஞரிடம் பேசிய பிறகு பதிலளிப்பதாக மரியாதையுடன் சொல்லிவிடு. காயம் எங்கே போய் நிற்கும் என்று மருத்துவருக்கே இன்னும் தெரியாத நிலையில் முழுத் தீர்வு என்று கையெழுத்திட்டால், பின்னால் அறுவை சிகிச்சையே தேவைப்பட்டாலும் மீண்டும் கேட்பது மிகக் கடினம். அதே சமயம் கேட்பதற்கான காலக்கெடு இடத்துக்கு இடம் மாறும் என்பதால், அதையும் வழக்கறிஞரிடம் இந்த வாரமே உறுதிசெய்துகொள்.

இனியன்:
அத்தை, மருந்துக் கடையின் கேமராவில் மோதல் தெளிவாகத் தெரிகிறது. உரிமையாளர் நகல் தரச் சம்மதித்துவிட்டார். ஆனால் திரையில் காட்டும் நேரம் சில நிமிடங்கள் முந்தியிருக்கிறது.

மல்லிகா அத்தை:
மிக நல்லது. அந்தத் திரையையும் உன் தொலைபேசியின் கடிகாரத்தையும் ஒரே படத்தில் வருமாறு இப்போதே எடுத்துக்கொள். நகல் வாங்கிய தேதியையும், கேமராவின் நேரம் எவ்வளவு முந்தியிருந்தது என்பதையும் எழுதி, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கி வா.