கேட்டது கிலோ, வந்தது பிஞ்சு

நான் மேனேஜரானது ஏலக்காய்த் தோட்டத்தில். ஊர் கம்பம், தோட்டம் மலைமேல் கேரளாவில், வண்டன்மேடு பக்கம். நாலு வருஷமாகக் காய் உலர்த்துகிற ஸ்டோரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவனை 2019-ல் முதலாளி திடீரென்று தோட்டத்தையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்த வருஷத்தை ஏலக்காய்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முந்தின வருஷம் வெள்ளம், அடுத்து வறட்சி, செடியில் காய் இல்லை, ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு லாட் கிலோ 7000 ரூபாய்க்குப் போனது. முதலாளி தினமும் இரண்டு தடவை போன் செய்வார். "இன்னைக்கு எத்தனை கிலோ?" வேறு கேள்வியே கிடையாது.

அவர் என்னிடம் கேட்டதை நான் அப்படியே ஆட்களிடம் கேட்டேன். நாள் கூலி போக, குறிப்பிட்ட எடையைத் தாண்டினால் கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டேன். விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு ஏறி வருகிற பெண்கள் அவர்கள், பாதிப் பேர் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே காய் எடுத்தவர்கள். அதில் மூத்த அக்கா ஒருவர் அன்றைக்கே சொன்னார்: "தம்பி, எடைக்குக் காசுன்னா கை பிஞ்சுன்னு பாக்காதுப்பா." வேலைக்குச் சுணங்குகிறவர் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் எடை ஏறியது, எனக்கும் தலை கொஞ்சம் ஏறியது. குட்டு வெளிப்பட்டது ஸ்டோரில். முற்றின காய் என்றால் ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்காய் பக்கத்தில் நிற்கும். எங்களுக்கு ஏழு கிலோ தேவைப்பட்டது. இளங்காய் காய்ந்தால் சுருங்கி வெறும் தோல்தான், உள்ளே அரிசி, அதாவது விதை, இருக்காது, தரம் பிரிக்கிற 8 மில்லிமீட்டர் சல்லடையில் எல்லாம் கீழே கொட்டிவிடும். செடியில் காய் பிடிக்கிற சரத்தில் எல்லாக் காயும் ஒரே நேரத்தில் முற்றாது என்பதால்தான் சுமார் 40 நாளுக்கு ஒரு சுற்று எடுக்கிறோம், ஆக அடுத்த சுற்றுக் காயையும் சேர்த்தே பறித்து முடித்திருந்தோம். நாலு வருஷம் கணக்கு எழுதியவனுக்கு இது தெரியாதா? தெரியும், அதுதான் கேவலம்.

அத்தோடு நின்றிருக்கலாம். எடை போடும் இடத்தில் எல்லார் முன்னாலும் அந்த அக்காவின் பையைத்தான் முதலில் கொட்டச் சொன்னேன். அதில் கைப்பிடி பிஞ்சுகூட இல்லை. ஆரம்பித்த கத்தலை நிறுத்தத் தெரியாமல், ஏன் எடை குறைவு என்று அதற்கும் கத்தினேன்.

மறுநாள் ஜீப்பில் நாலு பேர். காய் விற்ற விலைக்கு ஆள் கேட்டு வேறு தோட்டங்கள் காத்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். "வாங்க சார்" என்றார், காப்பி கொடுத்தார், நான் உளறியதை முழுக்கக் கேட்டுவிட்டு "பாக்கலாம்" என்றார். கிலோக் காசை நிறுத்தினேன், முதலாளியிடம் இனி உலர்காய்க் கணக்கு மட்டும்தான் சொல்வேன் என்றேன் (திட்டினார், அது தனிக்கதை). எடை போடுமிடத்தில் பை பார்க்கிற வேலையைக் கூலி கூட்டி அந்த அக்காவிடமே கொடுத்தேன். ஜீப் நிறைய மூன்று வாரம் ஆனது. அடுத்த சுற்றுக் காய் போனது போனதுதான்.

அவர் இப்போதும் எங்களிடம்தான் வேலை பார்க்கிறார். இன்னும் சார் என்றுதான் கூப்பிடுகிறார்.