‘இன்கிரீஸ்’க்குப் பிறகு ‘ஒஃப்’ஆ, ‘இன்’ஆ? ஆய்வுக் கட்டுரைக்கு உதவி வேண்டும்

வெள்ளவத்தை மாணவி:
அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். நுளம்புக் குடம்பிகள் மருந்துக்கு எப்படி ஈடுகொடுக்கின்றன என்று ஆய்வு செய்கிறேன். அனுப்பிய கட்டுரை திரும்பி வந்துவிட்டது. ஆய்வு முறையில் ஒரு குறையும் சொல்லவில்லை. ‘பெயர்ச்சொற்களுக்குப் பின்னால் வரும் பிரிப்பொசிஷன்கள் பல இடங்களில் பிழை’ என்று ஒரு வரி மட்டும் (‘இன்’, ‘ஒஃப்’, ‘ஃபோர்’ போன்ற சொற்களைத்தான் சொல்கிறார்கள்). எங்கே என்று குறிக்கவில்லை. உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம் படித்தவள் நான், எனக்கு எல்லாமே சரியாகத்தான் தெரிகிறது. சந்தேகமான இடங்கள் இவை:

‘ஏன் இன்கிரீஸ் ஒஃப் டெங்கு கேஸஸ்’ (இலங்கையில் 186,000 பேருக்கு மேல் பதிவான 2017ஆம் ஆண்டைப் பற்றிய வரி)
‘த கோஸ் ஃபோர் லார்வல் மோர்ட்டாலிட்டி’
‘எஃபெக்ட் ஒஃப் டெம்பரேச்சர் டு குரோத்’
‘ரெசிஸ்டன்ஸ் அகெய்ன்ஸ்ட் டெமெஃபொஸ்’ (டெமெஃபொஸ் என்பது குடம்பிகளைக் கொல்லும் மருந்து)

தெஹிவளை ஆங்கில ஆசிரியை:
தங்கச்சி, நாலும் தமிழ் உருபிலிருந்து வந்தவை. ‘நோயாளரின் அதிகரிப்பு’ என்று மனதில் ஓடுகிறது, உடனே கை ‘ஒஃப்’ எழுதுகிறது. ஆங்கிலத்தில் எது கூடியதோ அதற்கு முன் ‘இன்’. எவ்வளவு கூடியது என்ற எண்ணுக்கு முன்தான் ‘ஒஃப்’. இரண்டும் ஒன்றாக வந்தால் ‘ஏன் இன்கிரீஸ் ஒஃப் 12 பெர்சென்ட் இன் டெங்கு கேஸஸ்’. டிக்ரீஸ், ரிடக்‌ஷன் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

‘சேஞ்ச்’ மட்டும் கவனம். ‘சேஞ்ச் இன் த மீடியம்’ என்றால் அந்த வளர்ப்பு ஊடகத்திலேயே ஏதோ மாறிவிட்டது. ‘சேஞ்ச் ஒஃப் மீடியம்’ என்றால் பழையதை எடுத்துவிட்டு வேறு ஊடகம் வைத்தீர்கள். ஆய்வுகூடக் குறிப்பில் இது பொருளையே மாற்றிவிடும்.

அடுத்து, காரணம். நமக்கு கோஸ், ரீசன் இரண்டுமே காரணம்தான். ‘இறப்புக்குக் காரணம்’ என்று நினைப்பதால் அந்த ‘க்கு’ உங்களை ‘ஃபோர்’ பக்கம் இழுக்கிறது. ரீசன் என்றால் ஃபோர், கோஸ் என்றால் ஒஃப். ‘கோஸ் ஃபோர் கன்சேர்ன்’ என்றும் பார்த்திருப்பீர்கள். அங்கே ‘கவலைப்பட இடமிருக்கிறது’ என்று பொருள், அதுவும் சரியே.

எஃபெக்டில் தமிழே கைகொடுக்கும். ‘வளர்ச்சி மீதான தாக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த ‘மீது’தான் ‘ஒன்’. இன்ஃபுளுவன்ஸ், இம்பாக்ட் கூட அப்படித்தான். ரெசிஸ்டன்ஸுக்கு ‘டு’ போடுங்கள். ‘அகெய்ன்ஸ்ட்’ எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பூச்சிகொல்லி ஆய்வுகளில் வழக்கம் ‘டு’.

கொட்டாஞ்சேனை பிரதி திருத்துநர்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெயருக்கு வரும் பிரிப்பொசிஷனை வினைக்கும் ஒட்டிவிடாதீர்கள். எஃபெக்ட் ஒன், டிஸ்கஷன் ஒஃப், எம்ஃபசிஸ் ஒன், லாக் ஒஃப் எல்லாம் பெயர்ச்சொல்லாக இருக்கும்வரைதான். அஃபெக்ட், டிஸ்கஸ், எம்ஃபசைஸ், லாக் என்று வினையாக எழுதும்போது நடுவில் எதுவும் வராது. ‘டிஸ்கஸ் அபவுட்’ நம் ஊரில் அடிக்கடி காதில் விழுவதால் எழுத்திலும் வந்துவிடுகிறது. நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

சந்தேகம் வந்தால் அந்தச் சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் வைத்து ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலரில் தேடுங்கள். எத்தனை வந்தது என்று எண்ணுவது மட்டும் போதாது. ‘இன்கிரீஸ் ஒஃப்’ ஆயிரக்கணக்கில் வரும், நாலைந்தைத் திறந்து பார்த்தால்தான் பின்னால் இருப்பது எண்ணா, பொருளா என்று தெரியும்.

வெள்ளவத்தை மாணவி:
ரொம்ப நன்றி. இப்போதுதான் பிழை எங்கே என்று கண்ணுக்குத் தெரிகிறது. இன்னும் ஒன்று: மழைக்கும் டெங்குக்கும் உள்ள கொரிலேஷனுக்கு (இணைத்தொடர்புக்கு) ‘பிட்வீன்’ஆ, ‘வித்’ஆ?

தெஹிவளை ஆங்கில ஆசிரியை:
இரண்டும் சரி, கலக்கக்கூடாது. ‘பிட்வீன்’ வந்தால் நடுவில் ‘அண்ட்’ வர வேண்டும்: ‘பிட்வீன் ரெயின்ஃபோல் அண்ட் கேஸஸ்’. ‘ஒஃப் ரெயின்ஃபோல்’ என்று தொடங்கினால் ‘வித் கேஸஸ்’ என்று முடியுங்கள். ‘டிஃபரன்ஸ்’ வரும் இடங்களையும் பாருங்கள். எதில் வேறுபாடு என்பதற்கு ‘இன்’, யார் யாருக்கிடையே என்பதற்கு ‘பிட்வீன்’.

வெள்ளவத்தை மாணவி:
அப்படியென்றால் ‘டிஃபரன்ஸ் இன் மோர்ட்டாலிட்டி பிட்வீன் வெள்ளவத்தை அண்ட் கிருலப்பனை’ சரிதானே?

தெஹிவளை ஆங்கில ஆசிரியை:
சரி. அட்டவணைத் தலைப்புகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள் தங்கச்சி. அங்கேயும் ‘இன்கிரீஸ் ஒஃப்’ ஒளிந்திருக்கும்.