வரைபடத்தை நகர்த்துவதற்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

பதினொன்றாம் வகுப்புக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சார்பின் (function) வாய்பாட்டில் ஒரு எண்ணை மாற்றினால் வரைபடம் என்ன ஆகிறது என்பதுதான் பாடம். எக்ஸ்² என்ற கிண்ண வடிவப் பரவளையத்தில் தொடங்குகிறேன். எக்ஸ்² + 3 என்றால் 3 அலகு மேலே ஏறுகிறது. (எக்ஸ் − 2)² என்றால் 2 அலகு வலப்பக்கம் போகிறது. இதற்கு ‘இடப்பெயர்ச்சி’ என்று எழுதியிருந்தேன். “வலப்பக்கம் 2 அலகு இடப்பெயர்ச்சி” என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவி எழுந்து, “வலமா இடமா மிஸ்?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறே இல்லை. நீட்டுவது, அமுக்குவது, கவிழ்ப்பது ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும்.

மதுரை, கணித ஆசிரியை

*

அம்மா, ‘இட’த்தை வெட்டிவிட்டு வெறும் ‘பெயர்ச்சி’ என்று வையுங்கள். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று ஊரே சொல்கிறது. கோள் உருவம் மாறாமல் ராசி விட்டு ராசி போகிறது. உங்கள் பரவளையமும் அப்படித்தான்.

தொல்காப்பிய மரபியல், முதல்நூலைப் பின்பற்றி எழும் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக வகுக்கிறது. எக்ஸ்² முதல்நூல் என்றால் மற்றவை வழிநூல்கள். ஆகவே முதற்சார்பு, வழிச்சார்பு. செய்யுளுக்காகச் சொல் மாறும் செய்யுள் விகாரங்களில் நன்னூல் சொல்லும் இந்த ஆறும் இருக்கின்றன: வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல். செங்குத்தாக நீட்டல், குறுக்கல். கிடையாக விரித்தல், தொகுத்தல். எல்லாம் கையிலேயே இருக்கும்போது புதிதாக எதற்கு?

அப்புறம், பேரன் என்பதே பெயரன்தான். பாட்டன் பெயரைப் பெயர்த்து வைத்துக்கொள்பவன். பெயர் என்ற பெயர்ச்சொல்லும் பெயர் என்ற வினையும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

வணக்கம் ஐயா. முதற்சார்பு அருமை. ஆனால் விரித்தலும் தொகுத்தலும் சிக்கல். கணித வகுப்பில் (எக்ஸ் − 2)²ஐ விரித்து எழுது என்றால் எக்ஸ்² − 4எக்ஸ் + 4 என்று எழுதுவார்கள். தொகுத்தல் என்றால் தொகையீடு (integration) நினைவுக்கு வரும். ஒரே தாளில் இரண்டு பொருள் தாங்காது.

கவிழ்ப்பதற்கு நீங்கள் எதிரொளிப்பு என்பீர்கள். எங்களுக்குத் தெறிப்பு. வரைபடத்தை வரைபு என்றும் பரவளையத்தைப் பரவளைவு என்றும் படித்தவர்கள் நாங்கள். வரைபில் ஒளி எங்கே இருக்கிறது? தெறிப்பைச் சேர்த்தால் எங்கள் பிள்ளைகளும் இந்தத் தாளைப் பயன்படுத்தலாம்.

யாழ்ப்பாணம்

*

ஐயா, தெறிப்பு என்றால் இங்கே எண்ணெய் தெறிப்பதுதான் நினைவுக்கு வரும். அது நிற்க.

செங்குத்துக்கு ஒரு சொல், கிடைக்கு ஒரு சொல் என்பதில் எனக்கு ஒரு தடை. (2எக்ஸ்)² என்பது பரவளையத்தைக் கிடையாகப் பாதியாக அமுக்குவது. அதுவே 4எக்ஸ்², அதாவது செங்குத்தாக நான்கு மடங்கு நீட்டுவது. வளைவு ஒன்றுதான். மாணவர் எதை எழுதினாலும் மதிப்பெண் தர வேண்டும். அலைபோல ஏறி இறங்கும் சைன் வளைவில் இப்படி ஆகாது: 2 சைன் எக்ஸ் உயரும், சைன் 2எக்ஸ் உயரம் மாறாமல் நெருங்கும். பெயர் சூட்டும் முன் சைனையும் பக்கத்தில் வையுங்கள்.

என் பரிந்துரை அகமாற்றம், புறமாற்றம். அடைப்புக்கு வெளியே செய்தால் சொன்னபடி நடக்கும். உள்ளே செய்தால் எதிராக நடக்கும்: கழித்தால் வலம், பெருக்கினால் ஒடுக்கம்.

பெங்களூரு

*

எல்லோருக்கும் நன்றி. நேற்று அகமாற்றத்தை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். அட்டவணை போட்டோம். எக்ஸ் 2 ஆகும்போதுதான் (எக்ஸ் − 2) பூஜ்யம். பழைய வளைவு 0இல் செய்ததைப் புதியது 2இல் செய்கிறது. “அப்போ லேட்டா வருது மிஸ்” என்றான் பின்வரிசைப் பையன். அதற்குமேல் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

அச்சுக்கு இப்படிக் கொடுக்கிறேன்: முதற்சார்பு, பெயர்ச்சி, நீட்டல், அமுக்கல், எதிரொளிப்பு, தெறிப்பு அடைப்புக்குள். அக, புற மாற்றங்கள் முதல் பக்கத்திலேயே. குறுக்கலை விட்டதற்கு ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். குறுக்குவெட்டி, குறுக்குப் பெருக்கல் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன.

மதுரை

*

முதற்சார்பு நின்றதில் மகிழ்ச்சி. ஆனால் அமுக்கலை நான் ஏற்கவில்லை. மாவு உருண்டையை அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும். உங்கள் சைன் வளைவைப் பாதி உயரத்துக்குக் குறைத்தால் அகலம் கூடுகிறதா? கூடாது. குற்றியலுகரத்தில் உகரம் குறுகுகிறது. மாத்திரை பாதியாகிறது, வேறெங்கும் பிதுங்குவதில்லை. அதுதான் குறுக்கல். அடுத்த பதிப்பிலாவது பாருங்கள்.

தஞ்சாவூர்