போர்ப் படம் பிரசாரமானதை நேரில் கண்டதுண்டா? அனுபவங்களைப் பகிருங்கள்

நாளிதழ் ஒன்றின் படப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். போர்முனையிலிருந்து வரும் படங்களில் பல, சண்டையிடும் தரப்புகளே எடுத்துத் தருபவை. ஒருமுறை, ஒரு சிறுமி சிப்பாயிடம் தண்ணீர்ப் பாட்டில் வாங்கும் படம் வந்தது. கூடவே 'மீட்கப்பட்ட ஊரில் மகிழ்ச்சி' என்ற குறிப்பு. அதே இடத்தில் எடுத்த வேறு சில படங்களும் தவறுதலாகச் சேர்ந்து வந்திருந்தன. ஒன்றில் சிறுமியின் தாய் சுவரோரம் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னொன்றில் சிறுமியின் தோளைப் பற்றிக் கேமரா பக்கம் திருப்புகிறது ஒரு கை. முதல் படத்தின் ஓரத்தை நறுக்கி அந்தக் கையை நீக்கியிருந்தார்கள். சிறுமி உண்மை, தண்ணீர் உண்மை. மகிழ்ச்சி மட்டும் யாரோ மேசையில் உட்கார்ந்து எழுதியது. வெளியிடக் கூடாது என்று வாதாடினேன், ஆசிரியர் ஒப்புக்கொண்டார். மறுநாள் மற்ற இதழ்களின் முதல் பக்கத்தில் அதே படம், அதே குறிப்பு.

கணினியில் செய்யும் ஒட்டுவேலையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். 2006-இல் பெய்ரூட் குண்டுவீச்சுப் படத்தில் புகையைக் கூட்டிக் காட்டிய ஒருவரின் 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் நீக்கியது. அந்த வகைப் பொய் எப்படியும் பிடிபட்டுவிடும். குறிப்பில் ஒளிந்திருக்கும் பொய்யை எந்தக் கருவி பிடிக்கும்?

*

மேலே எழுதியவர் சொல்வது எவ்வளவு பழைய கதை என்பதை ஒரு புகைப்படக் கண்காட்சியில் உணர்ந்தேன். லக்னோவின் சிக்கந்தர் பாக் மாளிகையில் ஃபெலீச்சே பியாத்தோ என்ற போர்ப் புகைப்படக்காரர் எடுத்த படம் அது. சிதைந்த மாளிகை, அதன் முன்னே சில ஆட்கள், ஒரு குதிரை, தரையெங்கும் மனித எலும்புகள். 1857 நவம்பரில் காலின் கேம்பெல்லின் பிரிட்டிஷ் படை இரண்டாயிரம் கிளர்ச்சியாளர்களைக் கொன்ற இடம் என்கிறது குறிப்பு. பக்கத்தில் நின்ற இருவர், சண்டை முடிந்த கையோடு எடுத்த படம் என்றே பேசிக்கொண்டார்கள். பியாத்தோ லக்னோவுக்கு வந்ததோ பல மாதங்கள் கழித்து, 1858-இல். அந்த எலும்புகள் படத்துக்காகவே வெளியே எடுத்துப் பரப்பப்பட்டவை என்பது வரலாற்றாளர்கள் பலரின் முடிவு.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1855-இல் கிரிமியப் போரைப் படமெடுத்த பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ரோஜர் ஃபென்டனின் தொகுப்பில் ஒரு பிணம்கூடக் கிடையாது. தம்மவர் சாவு கண்ணில் படக் கூடாது, எதிரியின் சாவைத் தோண்டியாவது காட்ட வேண்டும். அங்கே நின்றபோது வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. கொன்றதும் போதாமல், செத்தவர்களையும் வெற்றிக்குச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறார்கள்.

*

முன்னாள் ராணுவ வீரன் எழுதுகிறேன். ஜோடிக்கப்பட்ட படம்தான் பிரசாரத்துக்கு உதவும் என்று எண்ண வேண்டாம். 1945 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்கப் படையினர் கொடியேற்றுவதைப் புகைப்படக்காரர் ஜோ ரோசந்தால் எடுத்த படத்துக்காக யாரும் நடிக்கவில்லை. முதலில் ஏற்றிய கொடி சிறியது என்பதால் பெரிய கொடியை ஏற்றியபோது எடுத்தது. ஆனால் அதற்குப் பிறகும் அந்தத் தீவில் ஒரு மாதம் சண்டை நடந்தது. படத்திலுள்ள ஆறு பேரில் மூவர் அதில் மாண்டார்கள். வெற்றி கைக்கு வந்துவிட்டதைப் போன்ற அந்தக் காட்சியைச் சுவரொட்டியாக்கி நடத்திய போர்க்கடன் இயக்கத்தில் அமெரிக்க அரசு திரட்டியது 2,600 கோடி டாலருக்கும் மேல்.

என் அனுபவம் மிகச் சிறியது. நாங்கள் ஒரு குன்றைப் பிடித்த மறுநாள் படக்குழு வந்தது. எங்களைக் கீழே இறக்கி, புகைக்குண்டு போட்டு, மீண்டும் மேலே ஓடச் சொன்னார்கள். திருப்தியில்லை என்று இன்னொரு முறை ஓடவிட்டார்கள். அப்போது சட்டையைச் சரியாக உள்ளே விடும்படி உத்தரவு. முந்தைய இரவு அதே சரிவில் என் பக்கத்தில் இருந்தவர் குண்டடிபட்டு இறந்திருந்தார். 'தாக்குதலின்போது' என்று செய்தித்தாளில் படம் வந்தது. அதில் தன் மகன் எங்கே இருக்கிறான் என்று கேட்டு அவருடைய அம்மா எங்கள் பிரிவுக்குக் கடிதம் எழுதினார். அது மறுநாள் எடுத்த படம் என்று நான்தான் அவருக்குப் பதில் எழுதினேன். பத்திரிகைக்கும் எழுதினேன், திருத்தம் வரவில்லை.