அகழாய்வுப் பயிற்சிக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா?

கேள்வி: கிளிநொச்சிப் பிள்ளை, தொல்லியல் முதலாம் வருடம். ஆகஸ்டில் மன்னார்ப் பக்கம் மூன்று கிழமை பயிற்சியாம். அங்கே உண்மையில் என்ன செய்ய விடுவார்கள்? அம்மா வெயிலையும் மிதிவெடியையும் நினைத்துப் பயப்படுகிறா.

குழிக்குள் நின்றவன்: தங்கச்சி, புதையல் கனவோடு போகாதையும். பாதி நாள் நான் மண் சலிக்கும் அரிதட்டோடுதான் நின்றேன். மிச்ச நேரம் மேசன் கரண்டியால் மெல்லச் சுரண்டி, மண்ணின் நிறம் மாறினால் நிறுத்தி, அளந்து, படம் கீறி, உடைந்த மட்பாண்ட ஓட்டுத்துண்டுகளைப் பையில் போட்டுக் குழி எண், ஆழம், திகதி எழுதுவது. ஒரு பையில் ஆழம் எழுத மறந்துவிட்டேன், எந்த மண்படையில் வந்தது என்று தெரியாத ஓட்டை வைத்து என்ன சொல்வது? இப்பவும் வெட்கம்.

மடு றோட்: அம்மாவின் பயம் நியாயம்தான். மிதிவெடி அகற்றிய இடம்தானா என்று முதலே கேளும். மேற்பரப்பு ஆய்வுக்குக் காட்டோரம் நடக்கும்போது சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் ஒரு அடியும் வைக்காதையும். முழுக்கைச் சட்டை, தொப்பி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற் கட்டாயம்.

பழைய மாணவி: மன்னார்ப் பக்கத்து மாந்தையைப் பற்றி வாசித்துவிட்டுப் போங்கோ. 1980களின் தொடக்கத்தில் தொல்லியலாளர் ஜோன் காஸ்வெல் குழு அங்கே தோண்டியபோது சீன மட்பாண்டமும் மேற்காசிய மட்பாண்டமும் ஒரே மண்ணில் வந்தன, பழைய துறைமுகம் அல்லவா. அப்புறம், உங்கட இரணைமடுவின் பெயரிலேயே கற்கருவிகள் கிடைக்கும் ஒரு பழைய மண்படிவு இருக்கிறது, தெரியுமா?

கேள்வி கேட்டவர்: தெரியாது அக்கா! குளம் மட்டும்தான் தெரியும். சரி, தொப்பி வாங்கப் போகிறேன்.