பிலடெல்பியா பி.எஸ்.எஃப்.எஸ் கட்டடம்: அப்படி என்ன விசேஷம்?

கேள்வி:
போன வாரம் வேலை விஷயமாக பிலடெல்பியா போயிருந்தேன். மார்க்கெட் தெருவும் 12ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் ஓர் உயரமான கட்டடம், உச்சியில் சிவப்பாக பி.எஸ்.எஃப்.எஸ் என்று எரிகிறது. பழைய வங்கியாம், கட்டடக்கலை மாணவர்கள் தேடி வந்து பார்ப்பார்களாம், கூட வந்தவர் சொன்னார். எனக்கு சாதாரண ஆபீஸ் கட்டடமாகத்தான் தெரிந்தது. எதைக் கவனிக்காமல் விட்டேன்?

பதில் 1:
அந்த மாதிரி கட்டடங்கள் பிறகு எல்லா ஊரிலும் வந்துவிட்டன, அதனால்தான் சாதாரணமாகத் தெரிகிறது. இது முடிந்தது 1932இல். வங்கி என்றாலே கோயில் மாதிரி கல்தூணும் சிற்பமும் வேண்டும் என்று நினைத்த காலம். 1816இல் தொடங்கிய பிலடெல்பியா சேவிங் ஃபண்ட் சொசைட்டி (அதன் சுருக்கம்தான் பி.எஸ்.எஃப்.எஸ்) என்ற ஒரு சேமிப்பு வங்கி, அதுவும் பொருளாதாரப் பெருமந்தத்துக்கு நடுவில், அலங்காரமே இல்லாமல் 36 மாடி எழுப்பியது என்றால் எவ்வளவு துணிச்சல்! ஜார்ஜ் ஹௌ, வில்லியம் லெஸ்காஸ் இருவரின் வடிவமைப்பு.

எனக்கு ரொம்பப் பிடித்தது கீழ்ப்பகுதிதான். தெருவோரம் கடைகளுக்கு, வங்கி முதல் மாடியில், எஸ்கலேட்டரில் ஏறிப் போக வேண்டும். நல்ல வாடகை வரும் இடத்தை வங்கி தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. மூலையைக் கூராக விடாமல் பளபளக்கும் கிரானைட்டில் வளைத்திருப்பார்கள், அடுத்த முறை போனால் கிட்டே நின்று பாருங்கள்.

பதில் 2:
தூண்களையும் சொல்ல வேண்டும். வடிவமைத்தவர்களுக்குப் படுக்கைக் கோடுகள் மேல் ஆசை, வங்கித் தலைவர் ஜேம்ஸ் வில்காக்ஸ் நிமிர்ந்த கோடுகள்தான் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். கடைசியில் 12ஆம் தெருப் பக்கம் தூண்கள் சுவரைத் தாண்டி வெளியே தெரிகின்றன, மார்க்கெட் தெருப் பக்கம் படுக்கைக் கோடுகள். லிஃப்ட், படிக்கட்டு எல்லாம் பின்னால் தனிப் பகுதியாக. எதற்கு எந்த இடம் என்று வெளியிலிருந்தே புரியும். இந்த இழுபறியால் கட்டடம் இன்னும் அழகாகிவிட்டது என்பேன்.

கேள்வி கேட்டவர்:
அடடா, நான் மார்க்கெட் தெருப் பக்கம் மட்டும்தான் பார்த்தேன். வங்கி இப்போதும் இருக்கிறதா?

பதில் 1:
இல்லை, 1992இல் வங்கி மூழ்கிவிட்டது. 2000இலிருந்து அது ஹோட்டல். 1976லேயே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் 27 அடி உயரமுள்ள அந்த நியான் எழுத்துகளும் அப்படியே இருக்கின்றன. பழைய வங்கிக் கூடத்தை இப்போது விசேஷங்களுக்கு விடுகிறார்கள், காலியாக இருக்கும் நாளில் வரவேற்பில் கேட்டுப் பாருங்கள்.