நிலத்தை ஸ்டோருக்கு விடலாமா? (மலேசியா, பந்திங் குடும்ப அரட்டைக் குழு)

சனிக்கிழமை இரவு

ராஜு சித்தப்பா: ரோட்டோர செம்பனை நிலத்த ஒருத்தர் வாடகைக்குக் கேக்கறாரு. சாமான் போட்டு வைக்கற ஸ்டோர் கட்டணுமாம். பழம் வெட்டி வர்ற காச விட மூணு மடங்கு தர்றேங்கறாரு.

செல்வி அத்தை: நல்லதுதானே ராஜு. மரமும் வயசாயிருச்சு.

கவிதா: என்ன ஸ்டோர் சித்தப்பா?

ராஜு சித்தப்பா: ரீசைக்கிள் சாமானாம். சுத்தமான பிளாஸ்டிக் மட்டுந்தானாம். சுத்தி உயரமா தகர வேலி அவரே போட்டுக்குவாராம்.

கவிதா: உயரமா வேலி போடறேன்னாலே எனக்கு பயமா இருக்கு. பக்கத்து ஊரு ஜென்ஜாரோம்ல பிளாஸ்டிக் கழிவு ஆலைங்க இப்படித்தான் ஆரம்பிச்சது.

மோகன் (லண்டன்): அங்க என்ன ஆச்சு? நான் அப்ப ஊர்ல இல்ல.

கவிதா: 2018 ஜனவரியிலேருந்து வெளிநாட்டு பிளாஸ்டிக் கழிவு வேணாம்னு சீனா நிறுத்திருச்சுண்ணா. அதுவரைக்கும் எல்லா நாட்டுக்காரனும் அங்கதான் தள்ளிக்கிட்டு இருந்தான். அது அப்படியே நம்ம பக்கம் திரும்பிருச்சு. அந்த வருஷம் முதல் ஏழு மாசத்துல மலேசியாவுக்கு வந்தது 754,000 டன். ஜென்ஜாரோம் இருக்கற நம்ம கோல லங்காட் மாவட்டத்துல செம்பனைக்கு நடுவுல எல்லாம் கள்ள ஆலை.

செல்வி அத்தை: ராத்திரி ஆனா கொளுத்துவானுங்க. ஜன்னல சாத்தினாலும் அந்த நாத்தம் உள்ள வந்துரும். என் சிநேகிதி பேரனுக்கு இருமல் நிக்கவே இல்ல, பாவம்.

ராஜு சித்தப்பா: அதான் மூடிட்டாங்களே.

கவிதா: ஊர் ஜனங்க புகார் மேல புகார் கொடுத்த பிறகுதான் மூடினாங்க. முப்பதுக்கும் மேல ஆலைங்க. ஆனா 17,000 டன் குப்பை அங்கயே கெடந்துச்சு. தவுக்கே, அதான் ஆலை முதலாளி, போயிருவான் சித்தப்பா. நிலம் உங்க பேர்ல இருக்கும்.

மோகன் (லண்டன்): நான் இங்க தயிர் டப்பாவக் கூட கழுவித்தான் ரீசைக்கிள் தொட்டியில போடறேன். அதுவா அங்க வருது?

கவிதா: வரலாம். 2020 ஜனவரியில நம்ம அரசாங்கம் 150 கொண்டெய்னர் திருப்பி அனுப்பினதா அறிவிச்சது. பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42. நீங்க கழுவறது வீண்னு சொல்லலண்ணா. தண்ணி பாட்டில், பால் பாட்டிலுக்கு நல்ல விலை இருக்கு. பல அடுக்கா ஒட்டின தின்பண்டப் பை, அழுக்குப் பை எல்லாம் எதுக்கும் ஆகாது. ரெண்டையும் கலந்து கட்டு கட்டா அனுப்பறாங்க. இங்க இருக்கறவன் நல்லத பொறுக்கிட்டு மிச்சத்த எரிக்கறான். உங்க நாட்டுல ஏற்றுமதி பண்ணினதையும் ரீசைக்கிள் கணக்குலயே சேத்துக்கறாங்க. எனக்கு வயிறு எரியறது அதுக்குத்தான்.

குமார் மாமா: சுங்கத்துல பாக்க மாட்டாங்களாம்மா?

கவிதா: பிளாஸ்டிக் கழிவுக்கு சுங்கக் குறியீடு 3915, அதுக்கு பெர்மிட் வேணும் மாமா. பிளாஸ்டிக் தகடு, பிலிம்னு 3920ல எழுதிட்டா தப்பிச்சிரும். கொண்டெய்னரத் தொறந்து பாத்தாத்தான் தெரியும். கிள்ளான் துறைமுகத்துல ஒவ்வொண்ணையும் தொறக்க முடியுமா?

ராஜு சித்தப்பா: இப்ப சட்டத்த இறுக்கிட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தானே?

கவிதா: ஆமா. 2025 ஜூலை 1லேருந்து சிரிம்ங்கற தர நிறுவனத்தோட ஒப்புதல் இல்லாம பிளாஸ்டிக் கழிவ இறக்க முடியாது. கழிவ நாடு விட்டு நாடு அனுப்பறதக் கட்டுப்படுத்தற பாசல் ஒப்பந்தத்துல சேராத நாட்டுலேருந்து வரவே கூடாது, அமெரிக்கா அதுல சேரல. நல்ல சட்டம். ஆனா இனிமே கள்ளத்தனமா செய்யறவன் இன்னும் ஒதுக்குப்புறமா நிலம் தேடுவான்.

குமார் மாமா: ராஜு, பட்டாவுல விவசாயம்னுதானே இருக்கு? அதுல ஆலையோ ஸ்டோரோ நடத்தினா நில அலுவலகம் உன்னத்தான் கூப்பிடும். அபராதம் போடலாம், நிலத்தையே எடுத்துக்கலாம்.

ராஜு சித்தப்பா: கூரை ஒழுகுது மச்சான். அந்தக் காசு வந்தா மாத்திரலாம்னு பாத்தேன்.

ஞாயிறு காலை

ராஜு சித்தப்பா: நகராண்மைக் கழக லைசென்சும் சுற்றுச்சூழல் இலாகா கடிதமும் காட்டுங்கன்னு கேட்டேன். முதல்ல சாமான இறக்கிட்டு அப்புறம் எடுத்துக்கலாங்கறாரு. ஆறு மாச வாடகை முன்பணமா தர்றாராம்.

செல்வி அத்தை: வேணாம்னு சொல்லிரு. உனக்கு சங்கடமா இருந்தா நான் பேசறேன்.

ராஜு சித்தப்பா: சொல்லிட்டேங்கா. கவிதா, கன்னு மாத்தி நட உதவி ஏதாச்சும் இருக்கா?

கவிதா: செம்பனை வாரியத்துல திங்கக்கிழமை கேட்டுச் சொல்றேன். பட்டா நகல் அனுப்பி வைங்க. அந்த ஆளு வேற யார் நிலத்தையாவது கேட்டாரான்னும் விசாரிங்க சித்தப்பா, பக்கத்து நிலத்துக்காரங்க கிட்டயும் இன்னிக்கே சொல்லிரணும்.